மெத்தென்று ஆனால் போதுமா? புதுக் கிளவைப் பழக்குவது பற்றி

கேள்வி, மார்ச் 2

என் பெண்ணுக்கு சாஃப்ட்பால் கிளவ் வாங்கியிருக்கிறேன், பேஸ்பால் மாதிரியே ஆனால் பெரிய பந்தில் ஆடும் ஆட்டத்துக்கு, பந்து பிடிக்கிற தோல் கையுறை. 12 அங்குலம், கனத்த தோல். பலகை மாதிரி விறைத்து நிற்கிறது. அவள் இரண்டு கையால் அமுக்கினாலும் மூட மாட்டேன் என்கிறது. எண்ணெய் தடவி அடுப்பில் கொஞ்ச நேரம் வைத்தால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்கிறார் அவளுடைய கோச். கார் சக்கரத்துக்கு அடியில் வை என்கிறார் இன்னொருவர். செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அடுத்த மாதம் ஆட்டங்கள் தொடங்குகின்றன.

மார்ச் 2, இரவு

அடுப்பு வேண்டாம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், வார் கோக்கும் துளைகளில் உலோக வளையம் இருந்தால் பொறி பறக்கும். கோச் சொல்வதில் அவ்வளவு நம்பிக்கை இருந்தால் அவருடைய கிளவை முதலில் உள்ளே வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

காரணம் நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 3

தோல் என்பது கொலாஜன் நார்களின் பின்னல். பதனிடும் இடத்திலேயே அந்த நார்களுக்கு நடுவே எண்ணெய்ப் பசையை ஏற்றிவிடுகிறார்கள். நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் நழுவி வளைவது அதனால்தான். அடுப்பின் வறட்டுச் சூடு தோலின் ஈரத்தை விரட்டிவிடும். வெளியே எடுத்த கையோடு தொட்டுப் பார்த்தால் குழைவாகத்தான் இருக்கும், எண்ணெய் இளகியிருக்கும் அல்லவா, அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஆறட்டும், நாலைந்து ஆட்டம் போகட்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற வலைக்குப் பக்கத்து வார்தான் முதலில் பட்டென்று போகும். அப்புறம் உள்ளங்கையில் மெல்லிய வெடிப்பு.

இது வேதியியல். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

கிளவ் மெத்தென்று ஆவது வேறு, பழகுவது வேறு. நான் பல வருடம் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கிற ஃபீல்டராக, ஆடியவன். தொளதொளவென்று மடிந்தும் பந்து நிற்காத கிளவ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விறைப்பாக இருந்தும் பந்து விழுந்ததும் தானாக மூடிக்கொள்கிற கிளவ்களையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் மடிப்பில் இருக்கிறது. கிளவ் எந்த இடத்தில் மடிய வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்கிறீர்களா, அதுவாக எங்கேயோ மடிந்துகொள்கிறதா என்பதுதான் விஷயம். ஒருமுறை தவறான இடத்தில் மடிப்பு விழுந்துவிட்டால் ஆயுசுக்கும் அங்கேதான் மடியும். எண்ணெய்க்கு எந்த இடம் என்று தெரியாது, தடவிய இடமெல்லாம் இளகிப் போகும்.

ஆகவே ஒரு சொட்டு எதையும் ஊற்றுவதற்கு முன்னால் பெண்ணிடம் கிளவைக் கொடுத்து, மாட்டிக்கொண்டு மூடச் சொல்லுங்கள். கட்டை விரல் எந்த விரலைத் தேடிப் போகிறது என்று பாருங்கள். சிலருக்குக் கட்டை விரலும் ஆள்காட்டி, நடு விரல்களும் சேரும். சிலருக்குக் கட்டை விரலும் மோதிர, சுண்டு விரல்களும் சேரும். முதல் வகையில் மடிப்பு உள்ளங்கைக்கு நடுவே விழுகிறது, பந்து உட்காரும் குழி சின்னதாகிறது. இரண்டாவது வகையில் கட்டை விரலின் அடியில் ஒன்று, சுண்டு விரலின் அடியில் ஒன்று என்று இரண்டு மடிப்பு விழும், நடுவில் அகலமான குழி கிடைக்கும். நான் இரண்டாவது கட்சி.

மார்ச் 3, கொஞ்சம் கழித்து

எந்த எண்ணெய் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அப்படியானால் மேலே எழுதியதை யாரும் படிக்கவில்லை.

சரி, சொல்கிறேன். மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுக்கிற நீட்ஸ்ஃபுட் எண்ணெய் பழைய வழக்கம். தோலுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஊறிக்கொண்டே போகும். உள்ளே இருக்கிற கம்பளி மெத்தை அதை உறிஞ்சினால் கிளவ் கனத்துவிடும், அந்தக் கனத்தை அப்புறம் எடுக்க வழியில்லை. மிங்க் எண்ணெயும் அதே கதைதான். ஷேவிங் நுரை தடவுகிறவர்கள் உண்டு. அதில் ஆட்டு ரோமத்திலிருந்து வரும் லானோலின் கலந்திருக்கும் என்பதுதான் அந்த வழக்கத்துக்குக் காரணம். கலந்திருக்கிறதா என்று டப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் மெந்தால் நுரை தடவினால் கிளவ் மணக்கும், வேறு பலன் இல்லை. வாசலின் வேண்டாம், மேலே படிந்து மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான் செய்வது: கிளவ்களுக்கென்றே விற்கும் கண்டிஷனரைத் துணியில் கொஞ்சம் தொட்டு, அந்த இரண்டு மடிப்பிலும் குழியிலும் வார்களிலும் மட்டும் தேய்ப்பேன். விரல்களின் முதுகில் தடவுவதில்லை. அங்கே விறைப்பு இருந்தால்தான் வேகமாக வரும் பந்தில் விரல் பின்னால் சாயாது.

மார்ச் 5

மரச் சுத்தியல் பற்றி. கிளவ் சுத்தியல் என்றே பந்து அளவுக்குத் தலை உருண்ட ஒன்று கிடைக்கும். அது இல்லாவிட்டால் பழைய டம்பெல் ஒன்றின் முனையில் பந்தை வைத்துக் கட்டிக்கொள்ளலாம்.

நான் அடிக்கிற விதம் இது. கிளவைத் தொடையில் வைத்து, விரல் நுனிகள் மேலே பார்க்கும்படி நிறுத்துவேன். முதலில் குழியைத் தொடுவதே இல்லை. கட்டை விரல் பக்கத்து அடிப்பகுதி, ஹீல் என்கிறோமே, அந்த முனையை ஓரத்திலிருந்து தட்டுவேன். அங்கே தோல் இரண்டு மூன்று அடுக்காக, நடுவில் மெத்தையோடு இருக்கிறது, அதுதான் மூட விடாமல் முரண்டு பிடிக்கிறது. தட்டிவிட்டு, கையால் அந்த மூலையை உள்பக்கம் மடித்துப் பிடித்து விடுவேன். மறுபடி தட்டு, மறுபடி மடி. சுண்டு விரல் பக்கமும் அப்படியே. பிறகுதான் குழி. குழி என்றால் உள்ளங்கை நடு அல்ல, ஆள்காட்டி விரலின் அடிக்கும் வலைக்கும் நடுவே உள்ள இடம்.

சத்தத்தைக் கவனியுங்கள். புதுசில் 'தொப்' என்று மொண்ணையாகக் கேட்கும். மடிப்பு இளகி, மெத்தை படிந்தபிறகு 'டப்' என்று வெடிக்கிற மாதிரி வரும். அந்தச் சத்தம் வந்தால் சுத்தியலை எடுத்து வைத்துவிடலாம். வீட்டில் மற்றவர்கள் தூங்குகிற நேரத்தில் செய்யாதீர்கள், இது தொழில்நுட்பக் காரணம் இல்லை.

மார்ச் 5

தொழில்நுட்பமோ இல்லையோ, எங்கள் வீட்டில் அந்தச் சுத்தியலை யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 6

சுடுதண்ணீர் பற்றி ஒருவர் நீளமாகக் கோபப்பட்டிருக்கிறார். "எல்லாச் சூட்டையும் ஒரே தராசில் போடாதீர்கள்" என்கிறார். நான் அடுப்பைத்தான் சொன்னேன், தண்ணீரைப் பற்றி வாயே திறக்கவில்லை. இருந்தாலும் கேள்வி நியாயமானது.

ஜப்பானில் யூமோமி என்று ஒரு முறை உண்டு. கிளவைச் சுடுதண்ணீரில் நனைத்து, ஈரமாக இருக்கும்போதே பிசைந்து வடிவம் பிடிப்பார்கள். வில்சன் நிறுவனத்தின் கிளவ் கைவினைஞர் ஷிகேயாகி ஆசோவும் சுடுதண்ணீர் ஊற்றி, சுத்தியலால் தட்டிப் பழக்கும் முறைக்குப் பேர் போனவர். ஆகவே இது ஏதோ கிறுக்குத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

ஏன் இது வேலை செய்கிறது, அடுப்பு ஏன் கெடுக்கிறது? ஈரச் சூட்டில் நார்கள் நழுவுகின்றன, தண்ணீரே அப்போது உராய்வைக் குறைக்கிறது. ஆனால் எல்லை உண்டு. பதனிடாத பச்சைத் தோலின் கொலாஜன் ஈரத்தில் சுமார் 60 முதல் 65 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கத் தொடங்கும். தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் அதைவிடச் சற்று அதிகம் தாங்கும். குரோமில் பதனிட்டது ஏறக்குறைய கொதிநிலை வரைக்கும் தாங்கும். உங்கள் கிளவின் உள்பக்கத் தோல், வார், மெத்தை எல்லாம் ஒரே விதமாகப் பதனிட்டவை என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? அதனால் கொதிக்கிற தண்ணீர் கூடாது. தாளக்கூடிய சூட்டில், குழியிலும் மடிப்பிலும் மட்டும் ஊற்றி, உடனே சுத்தியல், உடனே பந்து பிடிக்கிற வேலை. தண்ணீர் ஊற்றிவிட்டு மூலையில் போட்டுவிட்டுப் போகிற ஆள் என்றால் தொடவே வேண்டாம்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இன்னும் போகவில்லை. இந்த முறையில் மடிப்பு சட்டென்று விழுந்துவிடுகிறது. கை தேர்ந்தவர்களுக்கு அது வரம். எங்கே மடிக்க வேண்டும் என்றே இன்னும் முடிவு செய்யாத குழந்தைக்கு? அவசரப்பட்டுப் பழக்கினால் அப்பாவின் கைக்கு ஏற்ற கிளவை மகள் சுமக்க வேண்டிவரும். ஆகவே அடுப்பும் சுடுதண்ணீரும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு இரண்டையும் பரிந்துரைக்க மாட்டேன்.

மார்ச் 6

கடையில் நீராவி பிடித்துத் தருகிறோம் என்பார்கள். என் நண்பர் ஒருவர் அப்படிக் கொடுத்து வாங்கினார். கிளவ் அழகாகக் குழைந்திருந்தது, நடு உள்ளங்கையில் நேர்கோடாக ஒரே மடிப்பு. அவர் தேர்ட் பேஸ் ஆடுகிறவர், அடித்த பந்து வேகமாக வரும் இடம் அது. அந்தக் கோட்டில் வந்து விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் அந்தக் கடையை நினைத்துக்கொண்டார்.

மார்ச் 8

கேட்டவர் சொல்லியிருக்கிற ஒரு விவரத்தை எல்லோரும் தாண்டிப் போய்விட்டோம். அது சாஃப்ட்பால் கிளவ்.

பேஸ்பால் பந்தின் சுற்றளவு 9 முதல் 9¼ அங்குலம். சாஃப்ட்பால் 12 அங்குலம், சின்னப் பிள்ளைகளுக்கு 11. விட்டத்தில் பார்த்தால் முன்னது 7½ சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு, பின்னது கிட்டத்தட்ட 10. ஆகவே குழியில் வைத்துக் கட்டுகிற பந்து, அவள் உண்மையிலேயே பிடிக்கப் போகிற பந்தாக இருக்க வேண்டும். பேஸ்பாலை வைத்துக் கட்டிய குழியில் சாஃப்ட்பால் உட்காராது, விளிம்பில் முட்டித் துள்ளிவிடும். தலைகீழாகச் செய்தாலும் வம்புதான், சின்னப் பந்து குழிக்குள் அங்குமிங்கும் அலையும், எறிவதற்கு எடுக்கும்போது விரல் தேடும்.

கட்டுகிற விதம்: பந்தை வலைக்குச் சற்றுக் கீழே வையுங்கள், மடிப்பு விழ வேண்டிய இடத்தில் மடியுங்கள், அகலமான நாடாவாலோ பெல்ட்டாலோ சுற்றுங்கள். மெல்லிய ரப்பர் பேண்டு தோலில் தடம் பதிக்கும். விரல் நுனிகளை அமுக்கித் தட்டையாக்க வேண்டாம். படுக்கைக்கு அடியில் வைப்பதில் அபாயம் அதுதான். ராத்திரி முழுக்க ஒரு ஆளின் எடை ஏறினால் கிளவ் மூடிய நிலையிலேயே பழகும், திறக்கப் பழகாது. இன்ஃபீல்டர்கள், அதாவது பேஸ்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள், பலர் கட்டுவதே இல்லை. தரையில் உருண்டு வரும் பந்தை அள்ளி உடனே எறிய வேண்டியவர்களுக்கு ஆழமில்லாத, விரிந்த குழிதான் தேவை. தூரத்தில் நிற்கிற அவுட்ஃபீல்டர்களுக்கு ஆழம் வேண்டும், அவர்கள் கட்டட்டும்.

மார்ச் 9

காரை ஏற்றினேன் என்று ஒருவர் படத்தோடு பெருமைப்படுகிறார். கிளவ் நன்றாகத்தான் தட்டையாகியிருக்கிறது. அடுத்தது டயரைப் பந்து பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

மார்ச் 12

பேச்சு எங்கெங்கோ போகிறது, நானும் போகிறேன்.

இந்தக் குழி என்பதே பின்னாளில் வந்தது. ஆரம்பத்தில் கிளவ் என்பது விரல் நுனி வெட்டிய வெறும் தோலுறை, பந்து அடிக்கிற வலியைக் குறைக்க மட்டும். அதைப் போட்டவர்களைக் கேலி பண்ணினார்கள். 1875இல் செயின்ட் லூயிஸ் அணியில் ஆடிய சார்ல்ஸ் வெய்ட் கைத்தோலின் நிறத்திலேயே ஒன்றை மாட்டிக்கொண்டார், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. வலை என்கிற விஷயம் 1920 வாக்கில் வந்தது. பில் டோக் என்ற செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வார் பின்னிக் குழி உண்டாக்கலாம் என்று ராலிங்ஸ் நிறுவனத்துக்கு யோசனை சொன்னார். அதுவரை கிளவ் பந்தைத் தடுத்தது, அதற்கப்புறம்தான் பிடிக்க ஆரம்பித்தது. நாம் இங்கே அடித்துக்கொள்கிற மடிப்புச் சண்டை முழுக்க அந்தப் பின்னலிலிருந்து பிறந்தது.

இன்னொன்று. 1954 வரைக்கும் ஆட்டக்காரர்கள் தங்கள் அணி பேட் பண்ணப் போகும்போது கிளவை மைதானத்திலேயே போட்டுவிட்டுப் போவார்கள். பனி, மண், மிதி, எல்லாம் இலவசம். அந்த வருடம்தான் கிளவைக் கையோடு எடுத்துப் போக வேண்டும் என்று விதி வந்தது.

சாஃப்ட்பாலே ஒரு கையுறையிலிருந்து பிறந்ததுதான் என்பதும் சுவாரசியம். 1887இல் சிகாகோவில், உள்ளரங்கில், குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கித்தான் முதல் ஆட்டம் ஆடினார்கள். அதே சிகாகோவில் 16 அங்குலப் பந்து வைத்து ஆடும் வழக்கம் இன்னும் இருக்கிறது, அதில் வெறும் கையால்தான் பிடிப்பார்கள். அவர்களுக்கு இந்த விவாதம் தேவைப்படாது. விரல் வைத்தியர் தேவைப்படுவார்.

மார்ச் 12

இரண்டு கையாலும் எறிகிறவர் என்ன செய்வார் என்று ஒருவர் கேட்கிறார். கிரெக் ஹாரிஸ், 1995 செப்டம்பர் 28, மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் பேஸ்பால் அணி, ஒரே இன்னிங்ஸில் இரண்டு கையாலும் பந்து வீசினார். ஆறு விரல் உள்ள, இரண்டு பக்கமும் கட்டை விரல் வைத்த கிளவ். அதில் மடிப்பு எங்கே விழும் என்று யோசித்துப் பார்த்தேன், தலை சுற்றுகிறது.

மார்ச் 15

கேட்ச்சர் மிட், அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தை வாங்குகிறவர் போடும் கையுறை, பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அதில் தனித்தனி விரல் இல்லை, மெத்தை இரட்டிப்பு, பழகுவதற்கு நீண்ட காலம் ஆகும். சுத்தியல் வேலையைத் தாராளமாகச் செய்யுங்கள். பிறகு, பந்து எறியும் இயந்திரம் கிடைத்தால் அதன் எதிரே உட்காருங்கள், மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். பழைய மிட்டை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதியதை பிட்சரின் வார்ம்-அப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்குப் பழையதையே கொண்டு போங்கள்.

மார்ச் 21

கேள்வி கேட்டவர் வந்திருக்கிறார். எண்ணெய், அடுப்பு எதுவும் இல்லாமல், மடிப்பில் தட்டி, தினமும் மகளோடு எறிந்து பிடித்து விளையாடியதில் கிளவ் இப்போது மூடுகிறதாம். ஆனால் பந்து வந்து விழுந்துவிட்டு நழுவுகிறது, உள்ளங்கை சிவக்கிறது என்கிறார்.

சிவப்பு எந்த இடத்தில் என்று கேட்டேன். ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் என்றார். அப்படியானால் பந்து வலைக்குப் போகவில்லை, கையிலேயே வாங்குகிறாள். இது கிளவின் குற்றம் பாதி, கையின் குற்றம் பாதி. இரண்டு விஷயம் செய்து பார்க்கலாம்.

ஒன்று, மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்துச் சுண்டு விரல் உறைக்குள் போடச் சொல்லுங்கள், மற்றவை ஒவ்வொரு உறை தள்ளி உட்காரும், ஆள்காட்டி விரல் உறை காலியாக இருக்கும். சுண்டு விரல் பக்கத்தை இரண்டு விரல் சேர்ந்து இழுப்பதால் கிளவ் சுலபமாக மூடும், பந்து விழுகிற இடத்துக்கு நேர் பின்னால் விரலும் இருக்காது. ஆனால் கை ரொம்பச் சின்னதாக இருந்தால் சுண்டு விரல் உறை தொளதொளக்கும், கட்டுப்பாடு போய்விடும். மாட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பெண்களின் ஃபாஸ்ட்பிட்ச் (பந்தை வேகமாக வீசும் சாஃப்ட்பால்) ஆட்டத்துக்கென்று கை நுழையும் வாய் குறுகலாக வைத்துத் தைத்த கிளவ்கள் உண்டு. உங்களுடையது அப்படியா பாருங்கள். இல்லையென்றால் மணிக்கட்டுப் பட்டையை இறுக்குங்கள்.

இரண்டு, இன்னும் கொஞ்ச நாள் நீங்கள் அந்த கிளவை மாட்டாதீர்கள். சாயங்காலம் சும்மா இருக்கும்போது அதைக் கையில் போட்டுக்கொண்டு பந்தை அடித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆசை புரிகிறது. ஆனால் உங்கள் கை பெரியது, நீங்கள் மூடுகிற இடம் அவள் மூடுகிற இடத்துக்குக் கீழே இருக்கும். சுத்தியல் வேலை உங்களுடையது, பிடிக்கிற வேலை அவளுடையது.

மார்ச் 22

மேலே எழுதியதில் ஒரு சேர்க்கை. ஆள்காட்டி விரலை உறைக்குள் விடாமல் கிளவின் வெளியே, முதுகில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். மற்ற மூன்று விரலும் அதனதன் உறையில் இருந்தால் தாராளமாக வைக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் வைக்கிறார்கள். இதையும் நேற்றுச் சொன்ன சுண்டு விரல் முறையையும் சேர்த்து ஒரே நேரத்தில் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள், குழம்பிவிடுவாள்.

ஏப்ரல் 4

வார் தளர்ந்துவிட்டது என்கிறார். அது நல்ல செய்தி. புதுத் தோல்வார் நீளத்தான் செய்யும். முடிச்சை அவிழ்த்து, வலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு துளையாக இழுத்துக்கொண்டே வந்து கடைசியில் மறுபடி முடிச்சுப் போடுங்கள். முனையை மட்டும் பிடித்து இழுத்தால் கடைசித் துளையில் மட்டும் இறுகும். விரல் நுனிகளைக் கோக்கிற வாரை ரொம்ப இறுக்க வேண்டாம், கிளவ் உள்பக்கமாகக் குவிந்துவிடும்.

மழையில் நனைந்ததற்கும் இங்கேயே பதில். துணியால் ஒற்றி எடுங்கள், குழியில் பந்தை வைத்து நிழலில் காற்றாட விடுங்கள். வெயில், ஹீட்டர், ஹேர் டிரையர் மூன்றும் கூடாது. முழுக்கக் காய்ந்தபிறகு கொஞ்சம் கண்டிஷனர். ஈரத்தோடு பைக்குள் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

ஏப்ரல் 11

அக்கா வேறு கிளவ் கேட்கிறாள், இதைத் தம்பிக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார் அதே அப்பா. அதற்குள்ளா!

கொடுக்காதீர்கள். பையன் ஆடுவது பேஸ்பால், அவனுடைய பந்து அந்தக் குழியில் தொலைந்து போகும். அது போக, அவன் இடக்கையால் எறிகிறவன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, அவனுக்கு வலக்கையில் மாட்டுகிற கிளவ் வேண்டும். சீட்டில் 'இடது' என்று போட்டிருப்பது எறிகிற கையைத்தான், மாட்டுகிற கையை அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு திரும்பிப் போகிறவர்கள் ஏராளம், வாங்குவதற்கு முன்னால் பையனையே கூட்டிப்போய் மாட்டிப் பாருங்கள்.